காலண்டர் என்று எழுதிய தாள்

திரையில் காட்டப்பட்ட அந்தத் தாளில் இருக்கும் பென்சில் எழுத்து என்னுடையது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் அதைக் காட்டியவர்களும் பார்த்துச் சிரித்தவர்களும்.

சென்ற மாதம் மதுரையில் ஒரு பயிற்சி முகாம் நடந்தது. மூளையைப் பதிவு செய்யும் பல முறைகளை ஒன்றுசேர்த்துப் படிப்பது எப்படி என்று இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு மூன்று நாள் வகுப்பு. இ.இ.ஜி., சி.டி., எம்.ஆர்.ஐ. ஆகிய எல்லாவற்றையும் இப்போது கணினியே ஒரு திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நிறம் பூசித் தந்துவிடுகிறது. மூத்த டெக்னீஷியன் என்ற முறையில் என்னை அழைத்து, முன்வரிசையில் அமரவைத்து, பொன்னாடை போர்த்தினார்கள். அந்த ஆடையின் மடிப்புக் கலைவதற்குள் இரண்டாவது வகுப்பு தொடங்கியது. பழைய பதிவுகளில் நேரும் பிழைகள் என்பது தலைப்பு. முதல் படமே, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்த, மஞ்சளேறிய ஓர் இ.இ.ஜி. தாள். எட்டுப் பேனாக்களின் கோடுகள். அவற்றின் மேல் பென்சிலால் ‘காலண்டர்’ என்றும், சற்றுத் தள்ளி ‘ஜன்னல்’ என்றும் எழுதியிருந்தது.

வகுப்பெடுத்த இளைஞர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “சின்ன ஊர்ல ஒரு டெக்னீஷியன் எடுத்தது. லெஃப்ட் ரைட் ஒயரையே மாத்திக் குத்தியிருக்கார். ஸ்கேன் மட்டும் இல்லைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. காலண்டர்னு வேற எழுதியிருக்கார் பாருங்க, நல்ல நாள் பார்த்துத்தான் மெஷினை ஆன் பண்ணுவார் போல.”

அரங்கம் சிரித்தது. பொன்னாடையோடு நான் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் டெக்னீஷியன் சங்கத்து ஆண்டு மலருக்கு நாலு பக்கம் எழுதித் தரும்படி இளையவர்கள் வெகு நாளாகக் கேட்டு வருகிறார்கள். “கலகலப்பா இருக்கட்டும் சார்” என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். கலகலப்புக்கு மதுரையில் குறைவில்லை என்று கண்டுவிட்டேன். நான் நடந்ததை எழுதுகிறேன்.

நான் ராஜபாளையத்தில் பிறந்து, அந்த ஊர்க் கல்லூரியிலேயே இயற்பியலில் பட்டம் பெற்றவன். பிறகு சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் ஈராண்டு பயின்றேன். அந்த ஈராண்டுகளைப் பற்றி ஒன்று சொன்னால் போதும்: முதல் ஆறு மாதம் எங்களைப் பொறியைத் தொட விடவில்லை. தலைகளை அளக்க மட்டுமே விட்டார்கள். எண்பதுகளின் நடுவில் ஊர் திரும்பியபோது, டாக்டர் மங்கையர்க்கரசி ராஜபாளையத்தில் நரம்பியல் மருத்துவமனை தொடங்கியிருந்தார். ஓட்டுக் கட்டடம். பின்னறையில் எட்டுப் பேனா இ.இ.ஜி. பொறி. அதை இயக்க ஆள் தேடிக்கொண்டிருந்தவர், என் சான்றிதழ்களைப் பார்க்காமல், தம் தலையையே காட்டி, “அளங்க” என்றார். அளந்தேன். அன்று முதல் ஓய்வுபெறும் நாள்வரை அந்த அறை என்னுடையது.

அந்த அறையின் ஒழுங்கைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். மூக்கின் வேரிலிருந்து பின்மண்டை மேடு வரை நாடாவால் அளப்பேன். காதிலிருந்து காதுக்கு அளப்பேன். பத்து விழுக்காடு, இருபது விழுக்காடு என்று பங்கிட்டுச் சிவப்புப் பென்சிலால் புள்ளியிடுவேன். புள்ளி விழுந்த இடத்தை ஸ்பிரிட்டால் தேய்த்து, பசை வைத்து, ஒயர் முனையான எலக்ட்ரோடைப் பதித்து, அதன்மேல் பேண்டேஜ் துணித் துண்டை ஒட்டுவேன். ஆஸ்பத்திரிக்கு வருகிறோம் என்று பெண்கள் தலை நிறைய எண்ணெய் வைத்துப் பூ முடித்து வருவார்கள். எண்ணெய்த் தலையில் பசை நிற்காது. எத்தனை தொலைவிலிருந்து வந்திருந்தாலும் சீயக்காய் போட்டு அலசி, உலர்த்திய பிறகே கட்டிலில் ஏற்றுவேன். இதனால் எனக்குக் கிடைத்த பட்டப்பெயர் ‘சீயக்காய் சார்’. அதையும் நான் பெருமையாகவே ஏற்றுக்கொண்டேன்.

ஒயர்களுக்கு எண்கள் உண்டு. தலையின் இடப்பக்கத்துக்கு ஒற்றைப்படை, வலப்பக்கத்துக்கு இரட்டைப்படை. ஒரு பக்கத்து ஒயரை மறுபக்கத்தில் செருகிவிட்டால் நோயே இடம் மாறிவிடும். அது நேரவில்லை என்பதற்குத் தாளிலேயே சாட்சி வைக்கும் வழி ஒன்று இருக்கிறது. கண்விழி ஒரு சிறு மின்கலம். நோயாளி இடப்புறம் பார்த்தால் இட நெற்றிப்பொட்டின் பேனா கீழே சாயும், வலப்பொட்டின் பேனா மேலே எழும். வலப்புறம் பார்த்தால் நேர்மாறு. பதிவின் தொடக்கத்தில் நோயாளியை இருபுறமும் பார்க்கச் செய்து, எப்போது எங்கே பார்த்தார் என்று ஓடும் தாளில் குறித்துவிட்டால், பிற்பாடு எவரும் சந்தேகம் கிளப்ப முடியாது.

தலை முழுக்க ஒயரோடு படுத்திருப்பவரிடம் ‘இடது பக்கம் பாருங்கள்’ என்றால் பயத்தில் தலையையே திருப்பிவிடுவார். ஆகவே நான் பொருளைச் சொல்வேன். கட்டிலில் படுத்தவரின் தலைமாட்டுச் சுவரில் ஆண்டாள் படம், இடப்புறச் சுவரில் ஒரு காலண்டர், வலப்புறம் தெருவைப் பார்த்த ஜன்னல். “தலையை ஆட்டாம, கண்ணை மட்டும் ஓட்டிக் காலண்டரைப் பாருங்க. இப்ப ஜன்னல்.” தாளில் ‘காலண்டர்’, ‘ஜன்னல்’ என்று எழுதுவேன். மதுரையில் சிரித்தார்களே, அந்தச் சொற்களின் பொருள் இதுதான். நாள் நட்சத்திரம் பார்ப்பவன் அல்லன் நான்.

டாக்டர் மங்கையர்க்கரசி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. பிழையான அறிக்கையை நீட்டினால், கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “திரும்ப வாசிங்க” என்பார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. எழுதியவனைக் காதால் மட்டுமே நிறுத்துப் பார்ப்பார். மூன்றாம் முறை வாசிக்கும்போது நம் பிழை நம் வாயிலேயே கசக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஸ்கேன் மையம் திறந்தார்கள். மதுரையில் உழைத்து ஓய்ந்த சி.டி. பொறி ஒன்று அங்கே மறுபிறவி எடுத்தது. இ.இ.ஜி. ராஜபாளையத்தில், ஸ்கேன் ஸ்ரீவில்லிபுத்தூரில். வலிப்பு நோய் குறித்த ஓர் ஆராய்ச்சித் திட்டத்தின் பேரில், இரண்டையும் சேர்த்துப் படிக்கக் கற்கும்படி இளம் டாக்டர்களை எங்களிடம் அனுப்பினார்கள். ஒருவர் டாக்டர் சேகர், சென்னையில் படித்தவர், மிக வேகமான மூளை. மற்றவர் டாக்டர் நஸீமா, எங்கள் ஊர் ஜவுளி வணிகர் வீட்டுப் பெண், அதிகம் பேசாதவர்.

இரண்டையும் சேர்த்துப் படிக்க வந்தவர்களை, டாக்டரம்மா முதலில் பிரித்து வைத்தார். ஒரு மாதம் ஒருவர் இ.இ.ஜி. மட்டும், மற்றவர் ஸ்கேன் மட்டும். அடுத்த மாதம் இடம் மாற்றம். ஒன்றைப் பார்த்தவர் மற்றதைப் பார்க்கக் கூடாது, அதைப் பற்றிப் பேசவும் கூடாது. இ.இ.ஜி. அறிக்கை பழுப்பு உறையில், ஸ்கேன் அறிக்கை வெள்ளை உறையில், ஒட்டிக் கையொப்பமிட்டு வரவேண்டும். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு எல்லார் முன்னிலையிலும் இரண்டு உறைகளும் ஒருசேரத் திறக்கப்படும்.

சேகருக்கு இது பொறுக்கவில்லை. “மேடம், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா அஞ்சு நிமிஷத்துல முடியுற வேலை இது.”

“முடியும் டாக்டர். அதான் பயமா இருக்கு” என்றார் டாக்டரம்மா. “ரெண்டு சாட்சியையும் ஒரே வண்டியில ஏத்திக் கூட்டிட்டு வந்தா, இறங்கும்போது ரெண்டும் ஒரே கதையைத்தான் சொல்லும்.”

அந்த ஐப்பசியில்தான் சீனியம்மாள் வந்தாள். தளவாய்புரத்துக்காரி. பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை. முப்பது வயதுக்குள் இருக்கும். இரண்டு வகை மாத்திரை தின்றும் மாதம் நாலைந்து முறை வலிப்பு வந்தது. ஒரு முறை ஓடும் தறியின்மேலேயே விழுந்திருக்கிறாள். முதலாளி இனி வராதே என்று சொல்லிவிட்டார். வாய் ஓயாத பெண். நான் தலையில் துணி ஒட்டும்போது ஒரு துண்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“என்ன துணி சார் இது? இழை எம்புட்டுத் தள்ளித் தள்ளி ஓடுது! இதை நெய்ஞ்சவளுக்குக் கண்ணு இருந்துச்சா? எங்க கூடத்துல வாங்குங்க சார், ஒரு சாண் துணியில உங்க மானமே நிக்கும்.”

“பேசாம படும்மா. பேசினா பேனா ஆடும்.”

“ஆடட்டுமே, அதுக்கும் பொழுது போகணும்ல” என்றாள்.

அன்று நல்ல மழை. பதிவு முடிந்தது. தாளைச் சேகர் படித்தார், உறையில் இட்டார். அவள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் ஸ்கேன் எடுத்தாள். அதை நஸீமா படித்தார்.

சனிக்கிழமை உறைகள் திறந்தன. வெள்ளை உறை: மூளையின் இடப் பொட்டு மடலில் சுண்ணாம்பேறிய ஒரு சிறு புள்ளி. பழுப்பு உறை: வலப் பொட்டிலிருந்து வலிப்பைக் காட்டும் கூர் அலைகள், இடப்புறம் அமைதி.

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. “நல்லது. ரெண்டும் ஒத்துப்போகலை. இனிமேத்தான் நமக்கு வேலை. அந்தப் புள்ளி என்னைக்கோ ஆறின தழும்பா இருக்கலாம். வலிப்பு வேற எங்கயோ இருந்து வரலாம்.”

சேகர் சிவந்துவிட்டார். வலம் என்று கண்டு எழுதியவர் அவர்தான். அவருடைய கண் சரியாகத்தான் கண்டிருந்தது. ஆனால் ஸ்கேன் படம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் பொருள், அலை அப்படியன்று. எனவே தம் கண்ணைத் தாமே கைவிட்டு, வேறொருவன் மேல் போட வழி தேடினார். தாளின் முதல் பக்கத்தைப் புரட்டினார்.

“மேடம், ஒரு நிமிஷம். காலண்டர்னா லெஃப்ட். சார்தானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாரு? இங்க பாருங்க, காலண்டர்னு எழுதின இடத்துல ரைட் பேனா கீழ போகுது. ஒயர் மொத்தமும் பக்கம் மாறியிருக்கு. அப்ப நான் ரைட்டுன்னு படிச்சது உண்மையில லெஃப்ட். ஸ்கேனும் லெஃப்ட். எல்லாம் ஒத்துப்போகுது!”

என் பாடத்தாலேயே என்னை அடித்தார். “என் கை மாறாது” என்றேன்.

“தாளைப் பாருங்க” என்றார் டாக்டரம்மா.

பார்த்தேன். பேனாக்களைப் பற்றி அவர் சொன்னது உண்மை. எப்படி என்று எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: “இத்தனை வருஷத்துல ஒரு ஒயர் மாறினதில்லை அம்மா.”

“நான் வருஷத்தைக் கேக்கலை. இந்தத் தாளைக் கேக்கறேன்.” கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “திங்கக்கிழமை அந்தப் பொண்ணை வரச்சொல்லித் திரும்ப எடுங்க. அதுவரைக்கும் யாரும் எதையும் முடிவு பண்ண வேண்டாம்.”

அன்று மாலை அவருடைய அக்காள் சென்னையில் காலமான செய்தி வந்து, அவர் புறப்பட்டுவிட்டார். திங்கட்கிழமை வந்தது. நான் சீனியம்மாளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. திரும்பப் பதிவு செய்வது, ஒயர் மாறியதை ஒப்புக்கொள்வதாகும் என்று நினைத்தேன். சேகர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

“சார், ரிபீட் எப்ப?”

“டாக்டரம்மா வந்த பிறகு.”

“இல்ல, அம்மா திங்கக்கிழமைன்னாங்க. எடுக்கலைன்னா தப்பு நடந்துச்சுன்னு நான் எடுத்துக்கலாமா?”

“எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். திட்டப் பதிவேட்டில் ‘டெக்னீஷியன் பிழை, இரு முறைகளும் இடப்பக்கத்தையே சுட்டுகின்றன’ என்று எழுதினார். மதுரையில் இருந்த மூளை அறுவை நிபுணருக்குக் கடிதம் எழுதினார். தறிக்காரர் ஒருவர் மூலம் சீனியம்மாளை ஸ்கேன் மையத்துக்கு வரச்சொல்லிச் செய்தியும் அனுப்பிவிட்டார். இவை எதுவும் எனக்குத் தெரியாது.

புதன்கிழமை காலை சீனியம்மாள் என் அறைக்குள் வந்தாள். கையில் ஸ்கேன் படத்தின் பெரிய உறை, கடிதம். வழக்கமான பேச்சு இல்லை. ஆண்டாள் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மண்டையைத் திறக்கப் போறாகளாம் சார். பீச்சாங்கைப் பக்கமாம். அந்தப் பக்கந்தான் பேச்சு இருக்காம்ல? செல பேருக்கு பொறவு வார்த்தை வராதாம். அந்தச் சின்ன டாக்டர் சொன்னாரு, கையெழுத்துப் போடச் சொன்னாரு.”

என் கோபம் இன்னும் சேகர் மேலேயே இருந்தது.

“எல்லாம் நாஞ்செஞ்ச பாவந்தான்” என்றாள். “அன்னைக்கு இந்தத் தாயிக்கு நேரா காலை நீட்டிப் படுத்தேன்லா? மனசு கெடந்து அடிச்சுக்கிட்டுச்சு. சொல்லலாம்னா பேசாதேன்னுட்டீக. அதுக்கு என்ன பரிகாரம் செய்யட்டும் சார்?”

“ஆண்டாள் தலைமாட்டுல இருக்கு. காலை எப்படி நீட்டியிருப்பே?” என்று எரிந்து விழுந்தேன்.

“தலைமாட்டுலயா? அன்னைக்குத்தான் ஓடு ஒழுகி மூஞ்சியில சொட்டுச்சே! நீங்களும் அந்த ஆயாம்மாவுமாத் தூக்கித் தலைமாடு கால்மாடு மாத்திப் போட்டீகளே, மறந்துட்டீகளா?”

மறந்துதான் போயிருந்தேன். மழை, ஒழுகல், சொட்டு பசையில் விழுந்துவிடக் கூடாதே என்ற பதற்றம். கட்டிலைத் திருப்பினோம். திரும்பிய கட்டிலில் காலண்டர் அவளுடைய வலப்புறம் வந்துவிட்டது. ‘காலண்டரைப் பார்’ என்றேன், அவள் பார்த்தாள், வலப் பேனா கீழே சாய்ந்தது, சாயவேண்டியபடியே. நான் வழக்கம்போல் ‘காலண்டர்’ என்று மட்டும் எழுதிவைத்தேன். ஒயர்கள் சரி. பொறி சரி. அந்தப் பெண்ணின் கண்கள் சரி. அந்த அறையில் தவறாக இருந்தது என்னுடைய ஒரு சொல்.

அவள் கையிலிருந்த கடிதத்தை வாங்கிக்கொண்டேன். “இங்கேயே இரு. நான் வருகிறவரை எங்கேயும் போகாதே” என்று சொல்லிவிட்டு சேகரைத் தேடி ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். அந்தப் பயணம் முழுவதும் எனக்குள் நடந்ததை நான் அலங்கரித்து எழுதப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டால் என் பெயர் அரைகுறையாகவாவது தப்பும். ஒரு பெண் தன் பேச்சை இழக்கக்கூடும். இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தவன் நான் என்பதே போதுமான அவமானம்.

ஸ்கேன் மையத்தில் சேகரும் நஸீமாவும், படத்தை ஒளியில் வைத்துப் பார்க்கும் வியூ பாக்ஸ் முன்னால் நின்றிருந்தார்கள். கட்டில் திரும்பிய கதையைச் சொன்னேன்.

சேகர் கைகட்டிக்கொண்டு கேட்டார். “அப்ப தப்பு உங்க மேலதான்னு ஒத்துக்கறீங்க.”

“ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் எழுதிய தப்பு இல்லை.”

“எல்லாம் ஒண்ணுதானே சார்?”

“ஒன்றில்லை டாக்டர். ஒயர் மாறியிருந்தால் நோய் இடப்பக்கம். கட்டில் மாறியிருந்தால் நோய் வலப்பக்கம். நீங்கள் மண்டையைத் திறக்க அனுப்பும் பக்கம் எது?”

“லெட்டர் குடுத்த பொறகு இப்ப வந்து கட்டில் கதை சொன்னா எப்படி நம்புறது?”

அதுவரை வாய் திறக்காத நஸீமா சொன்னார்: “நம்ப வேணாம் சேகர். திரும்ப எடுப்போம். சார் எதையும் தொட வேணாம். நான் அளக்கிறேன், நான் ஒயர் குத்துறேன். நீங்க பக்கத்துல நின்னு பாருங்க.”

அன்று பிற்பகலே எடுத்தோம். என் அறையில், என் பொறியின் முன்னால், சுவரோரம் ஒரு முக்காலியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். நஸீமா அளந்தார். ஒவ்வொரு ஒயரையும் செருகும்போது எண்ணை உரக்கச் சொன்னார். சேகர் திருப்பிச் சொன்னார். நஸீமா சீனியம்மாளின் இடத்தோளைத் தொட்டு, “தொட்ட பக்கம் கண்ணை ஓட்டுங்க” என்றார். இடப் பேனா கீழே சாய்ந்தது. அரைமணி நேரம் தாள் ஓடியது. அவள் அயர்ந்து கண் செருகியபோது கூர் அலைகள் வந்தன. வலப்புறம். மறுபடியும் வலப்புறம். இடப்புறத்தில் ஒன்றுகூட இல்லை.

சேகர் ஓடும் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடமிருந்து தம் கடிதத்தை வாங்கி நான்காகக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

டாக்டரம்மா அடுத்த சனிக்கிழமை திரும்பினார். எல்லாவற்றையும் கேட்டார். முதலில் சேகரிடம் திரும்பினார்: “உங்க கண்ணு சரியாத்தான் பார்த்திருக்கு. ஸ்கேன் வேற சொன்னதும் உங்களையே நீங்க விட்டுட்டீங்க. ரெண்டு முறையைச் சேர்க்கறதுன்னா, ஒண்ணு ஜெயிக்கிறதுக்காக இன்னொண்ணைத் திருத்தறது இல்லை. ஒத்துப்போகலையா, ஏன்னு கேளுங்க. ஆளைத் தேடாதீங்க.”

பிறகு என் பக்கம். கண்ணாடியைக் கழற்றினார். “நீங்க கோபப்பட்டு உக்காந்திருந்த நாள் எல்லாம் அந்தப் பொண்ணோட நாள். அது உங்க கணக்குல இல்லை.”



“ஒயர் சரி, வார்த்தை தப்பு. ரெண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்தத் தாளோடயே சேர்த்து அடிங்க. இனிமே வர்ற பசங்க இந்த ரெண்டையும் சேர்த்தேதான் படிக்கணும்” என்றார். எழுதினேன். கார்பன் வைத்து எழுதியதால் ஒரு படி என்னிடம் இருக்கிறது. மூலத்தை முதல் பக்கத்தின் மேல்மூலையில் ஸ்டேப்ளர் பின் ஒன்று போட்டு இணைத்தேன். காலண்டரை அன்றே கழற்றினேன். அன்று முதல் நோயாளியின் தோளைத் தொட்டு ‘இடம்’ ‘வலம்’ என்றே எழுதினேன்.

சீனியம்மாளுக்கு டாக்டரம்மா மாத்திரையை மாற்றினார். சில ஆண்டுகள் கழித்து மதுரையில் எம்.ஆர்.ஐ. வந்தபோது, ஸ்கேனில் தெரியாமல் பதுங்கியிருந்த சிறு வடு வலப் பொட்டில் தெரிந்தது. வலிப்பு முற்றிலும் நிற்கவில்லை. எப்போதாவது ஒன்று வந்தது. தறியில் ஏறாமல் துணி மடிக்கும் வேலைக்குப் போனாள். ஆண்டுக்கொரு முறை வருவாள். வந்ததும் வாசலிலிருந்தே தொடங்குவாள்: “எங்க சார் அந்தக் காலண்டரு? வித்துட்டீகளா? என்ன இன்னும் அதே ஓட்டைத் துணி வாங்குதீக? இம்புட்டுப் படிச்சும் துணி பார்க்கத் தெரியலையே!” எல்லார் முன்னாலும் ஏசுவாள். நான் ஒரு முறையும் அவளைத் தடுத்ததில்லை. அந்த வாய் இருக்கவேண்டிய வாய்.

இப்போது மதுரைக்கு வருகிறேன். அந்த முகாமுக்குத் தலைமை தாங்கியவர் சேகர்தான். தலை முழுதும் நரைத்துப் பெரிய பேராசிரியராக இருக்கிறார். தேநீர் இடைவேளையில் தாமே வந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

“சார்! அப்படியே இருக்கீங்களே!”

“அந்தத் தாளோடு இணைத்திருந்த காகிதம் எங்கே?”

அவருக்கு எந்தத் தாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. “அதுவா சார்... பழைய ரெக்கார்டை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது, பின்னு இடிக்குதுன்னு எடுத்திருப்பாங்க. உங்க பேர் எங்கயும் இல்லையே சார், நீங்கன்னு யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ஒயர் மாறவில்லை என்பதும் தெரியும்.”

“தெரியும் சார்” என்றார், மெல்ல. “ஆனா கட்டில் திரும்பின கதையைச் சொன்னா பசங்களுக்குக் குழம்பும். இது சுலபமா மனசுல நிக்குது. ஒரு எடுத்துக்காட்டு வேணும்ல?”

என் கோபம் எதன் மேல் என்பதை அறியாதவர்கள், கிழவனுக்குப் பெயர் போய்விட்ட கோபம் என்று சொல்வார்கள். பெயருக்காக நான் ஒரு முறை கோபப்பட்டிருக்கிறேன். அதன் விலை என்னவாக இருந்திருக்கும் என்று மேலே எழுதியிருக்கிறேன். இது வேறு கோபம். நான் செய்யாத பிழைக்கு அந்த அரங்கம் சிரித்தது. நான் செய்த பிழை அவர்களுக்குச் சொல்லப்படவே இல்லை. சேகர் தாமே செய்த பிழையும் அந்தக் காகிதத்தோடு போய்விட்டது. அந்தப் பிள்ளைகள் மூன்று நாளில் கற்றுக்கொண்டு போனது ஒன்றுதான்: இரண்டு முறைகள் முரண்பட்டால், ஏழையானவனைப் பிழையாக்கி இரண்டையும் சேர்த்து வை. சேகர் ஒரு மழைக்காலத்தில் செய்ததை இனி அவர்கள் பொறியைக் கொண்டு ஒரு நொடியில் செய்வார்கள். நிறமும் பூசிச் செய்வார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்த, சாமி படத்துக்கு நேரே காலை நீட்டிவிட்டோமே என்று அழும் ஒரு பெண் ஒவ்வொரு முறையும் வந்து நிற்கமாட்டாள்.

திரையில் அந்தத் தாளை அத்தனை பெரிதாகக் காட்டியபோது, மேல்மூலையில் இரண்டு சிறு துளைகள் தெரிந்தன. அரங்கில் வேறு யாரும் அவற்றைப் பார்த்திருக்கமாட்டார்கள். அந்தத் துளைகளில் இருந்ததை இங்கே அச்சிடுகிறேன். இனி அந்தத் தாளை எவர் எங்கே காட்டினாலும் இதையும் சேர்த்துக் காட்டவேண்டும். கீழே என் பெயரையும் போடவேண்டும்.

‘இந்தப் பதிவில் ஒயர்கள் சரியான பக்கங்களிலேயே இருந்தன. மழை ஒழுகியதால் கட்டில் திருப்பிப் போடப்பட்டிருந்தது. காலண்டர் நோயாளியின் வலப்புறம் இருந்தது. அதைக் குறிக்கத் தவறியவன் நான். மறுபதிவு எடுக்கச் சொல்லியும் எடுக்காமல் தாமதித்தவனும் நான். கட்டில் திரும்பியிருந்ததைச் சொன்னவர் நோயாளி சீனியம்மாள்.’